ரசமட்டம்

லாரி கோயம்புத்தூரிலிருந்து வந்து சேர்ந்தபோது
கோட்டையூரில் இரவு பதினொன்றேகால்.
இரண்டு தூண்கள். ஒவ்வொன்றும் இருநூற்று எண்பது கிலோ.
ஷட்டில் ஆடி முடித்த பையன்கள் ஏழு பேர்,
நான், தூக்கக் கலக்கத்தில் கிளீனர்,
உருட்ட நாலு ஜிஐ பைப்.
"என்னண்ணே, எந்தக் கோயிலுக்கு?"
"மாருதிக்குடா" என்றேன்.
அவன் கன்னத்தில் போட்டுக்கொண்டான்.

இருபத்திரண்டு வருஷமாக
மல்லாந்தே வண்டிகளைப் பார்த்திருக்கிறேன்,
ஜாக்கியை நம்பி,
ஜாக்கிக்கு அடியில் யாரோ இடித்த வீட்டின்
பர்மா தேக்குத் துண்டை நம்பி,
விழுகிற துருவை இமையால் தடுத்து.
எல்லா வண்டிக்கும் என் முகம் தெரியும்.
என் உயரம் தெரியாது.

கையேட்டில் பாதி சீனம், மீதி படம்.
படத்து மனிதனுக்கு மூக்கில்லை, வேர்வையில்லை.
அவன் தரை ஆறு அங்குலக் கான்கிரீட்.
என் தரையும் அப்படித்தான் என்று
சூடத்தை அணைத்துச் சத்தியம் செய்திருப்பேன்.
பத்தொன்பது மில்லி பிட் இறங்கியது.
சாம்பல் தூள். சாம்பல் தூள்.
மூன்றாவது அங்குலத்தில் சிவப்பு:
செம்புராங்கல்,
வெற்றிலை துப்பியதுபோல.

பொன்னழகி எட்டிப் பார்த்தாள். எதுவும் கேட்கவில்லை.
தரை போட்ட வருஷம் சிமெண்டில் பிடித்த மிச்சம்
அவள் தம்பி கல்யாணத்துக்கு மோதிரமானது.
என்னுடைய பாக்கி மூன்று அங்குலம்
காரைக்குடியில் அவன் விரலில் இருக்கிறது.

உடைத்தோம்.
தூணுக்கு நாலடி சதுரம், ஓரடி ஆழம், கம்பி கட்டி.
கொத்தனார் சேவுகன் கரண்டியைக் கழுவிக்கொண்டே
"ஏழு நாள்ல நிப்பாட்டுங்க, ஒண்ணும் ஆகாது" என்றார்.
மூக்கில்லாதவன் இருபத்தெட்டு என்றான்.
காலையில் அவள் சாக்கை நனைப்பாள், மாலையில் நான்.
ஒருநாள் மழை எங்கள் முறையை வாங்கிக்கொண்டது.
ஈரம் காயும் முன்பே ஒரு பூனை
இடது சதுரத்தில் குறுக்கே நடந்திருந்தது.
பூசவில்லை, விட்டுவிட்டேன்.
இப்போது அடித்தகட்டுக்குக் கீழே இருக்கிறது அந்த நடை,
நாலு டன் என்று எழுதிய இரும்பைச் சுமந்துகொண்டு.

நிறுத்தினால் சாய்கிறது.
கழுவிய தண்ணீர் வடியட்டும் என்று
நானே வைத்த சரிவு.
தண்ணீருக்குச் சொன்னதைத் தூண் கேட்டுக்கொண்டது.
ரசமட்டத்தில் குமிழி கிழக்கே ஓட
ஒரு மில்லி தகடு செருகினேன்.
மறுபடி ஓட, இன்னொன்று.
"போதுமா?"
"உங்க பக்கம் பாத்தா போதும்,
என் பக்கம் பாத்தா போதாது."
அந்த ராத்திரி சாப்பாடு பத்தரைக்கு.

பத்து போல்ட்.
முறுக்கு விசை காட்டும் ஸ்பானர்
புதுவயல் செய்யதிடம் இரவல்.
'க்ளிக்' என்றால் நிறுத்து என்றான்,
ஆசையில் இன்னும் கால் சுற்று போடாதே என்றான்.
என்னை அவனுக்கு நன்றாகத் தெரியும்.

மாலையில் மோட்டார் முனகியதோடு சரி.
ஊரே தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் நேரம்,
நூற்று எண்பது வோல்ட்.
சீரியல்கள் முடிந்து விளக்குகள் அணைந்த பிறகு
எங்கள் ஆம்னி எழுந்தது.
டக்.
டக்.
ஒவ்வொரு பூட்டும் விழ விழ
சக்கரங்கள் காற்றில் தொங்கின,
தூக்கிய குழந்தையின் கால்கள்போல.
டக்.

பிறகுதான் அது நடந்தது:
எனக்குக் கால் வரவில்லை.
ஒரு மரத்துண்டின் கீழே
இருபத்திரண்டு வருஷம் பயமில்லாமல் படுத்தவனுக்கு.

பொன்னழகி கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு
நேரே அடியில் போய் நின்றாள். அண்ணாந்தாள்.
"இவ்வளவு அழுக்கா?"
அடுத்து,
"இந்த உருண்டைகிட்ட ஈரமா இருக்கே."
டிஃபரென்ஷியல். ஆயில் கசிவு.
எத்தனை தடவை அதற்கு நேர் கீழே கிடந்திருக்கிறேன்.

போனேன்.
சைலன்சர் நெற்றியில் இடித்தது.
தேய்த்துவிட்டுக்கொண்டே,
"இன்னும் ஒரு டக் ஏத்து" என்றேன்.